இன்ஜினை விடுங்கள், நட்டும் போல்ட்டும் யார் கொடுத்தார்கள்? 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க ரயில் சாமான் வியாபாரம் (விவாத இழை)

இருப்புப்பாதை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். பழைய ரயில் என்று பேச்செடுத்தாலே இங்கே எல்லோரும் நீராவி இன்ஜின் படத்தைத்தான் போடுகிறோம். எனக்கும் அது பிடிக்கும். ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். அமெரிக்காவில் 1830 இல் இருந்தது 23 மைல் பாதை. 1860 இல் சுமார் 30,000 மைல். 1900 இல் 1,90,000 மைலைத் தாண்டிவிட்டது. இத்தனைக்கும் இன்ஜின் மட்டும் போதாது. தண்டவாளம், சக்கரம், அச்சு, பிரேக், கப்ளிங், விளக்கு, எண்ணெய்க் கிண்ணம் என்று ஆயிரம் சாமான் வேண்டும். அவற்றையெல்லாம் செய்தது யார், விற்றது எப்படி என்று பேசத்தான் இந்த இழை.

அமெரிக்காவை எடுத்ததற்குக் காரணம் உண்டு. இங்கிலாந்தில் பெரிய ரயில் கம்பெனிகள் தங்கள் இன்ஜினைத் தாங்களே செய்துகொண்டன. க்ரூவும் ஸ்விண்டனும் அப்படி வளர்ந்த ஊர்கள்தான். அமெரிக்காவில் பென்சில்வேனியா ரயில்வேயின் ஆல்டூனா பட்டறை போன்ற சிலவற்றை விட்டால், பெரும்பாலான கம்பெனிகள் வெளியில்தான் வாங்கின. அதனால் சாமான் செய்து விற்பதே அங்கு ஒரு தனித் தொழிலாக எழுந்தது.

முதலில் பால்ட்வினிலிருந்து தொடங்குகிறேன். பிலடெல்பியாவில் மத்தையாஸ் பால்ட்வின் நகைத் தொழில் பழகியவர். அப்புறம் புத்தகம் பைண்டிங் செய்கிறவர்களுக்கான கருவிகள், துணியில் அச்சடிக்கும் உருளைகள் என்று செய்தார். 1831 இல் ஓர் அருங்காட்சியகத்தில் வேடிக்கை காட்ட ஒரு சின்ன இன்ஜின் செய்து கொடுத்தார். அது நன்றாக ஓடியது. அதைப் பார்த்துத்தான் ஒரு ரயில் கம்பெனியிடமிருந்து நிஜ ஆர்டர் வந்தது. 1832 நவம்பரில் ஓடிய அந்த முதல் இன்ஜினுக்கு 'ஓல்டு அயன்சைட்ஸ்' என்று பெயர். பேசிய விலை 4,000 டாலர். கம்பெனி குறை சொல்லிக் குறை சொல்லி 3,500 டாலர்தான் கொடுத்தது. அந்தக் கம்பெனி பத்திரிகையில் போட்ட விளம்பரம் இன்னும் பேசப்படுகிறது: வானம் நன்றாக இருந்தால் வண்டியை இன்ஜின் இழுக்கும், மழை பெய்தால் குதிரை இழுக்கும்.

1837 இல் அமெரிக்கா முழுக்கப் பண நெருக்கடி. பால்ட்வின் மூழ்கும் நிலைக்குப் போனார். கடன்காரர்களைக் கூப்பிட்டுத் தவணை கேட்டார், பிறகு வட்டியோடு அடைத்தார். கறுப்பினக் குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கப் பணம் கொடுத்தவர், அடிமை முறையை எதிர்த்தவர். அதற்காகவே தென்மாநில ரயில் கம்பெனிகள் சில அவரிடம் வாங்க மறுத்தன. அப்படியும் நின்றார். 1,000ஆவது இன்ஜின் வெளிவந்தது 1861 இல். 10,000ஆவது 1889 இல். முதல் ஆயிரத்துக்கு 29 ஆண்டு, அடுத்த ஒன்பதாயிரத்துக்கு 28 ஆண்டு!

என் கருத்து இதுதான்: ரயில் சாமான் வியாபாரத்தில் இன்ஜின் செய்தவர்கள்தான் தலை. மற்றவர்கள் எல்லாம் பின்னால் வந்தவர்கள். மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

லேத்து_கோவை

மாற்றுக் கருத்து இருக்கிறது சார். பால்ட்வின் பெரிய ஆள்தான், சந்தேகமே இல்லை. ஆனால் அவர் செய்த இன்ஜின் ஒவ்வொன்றும் அந்தந்தக் கம்பெனி கேட்டபடி செய்தது. அந்தக் கம்பெனியின் தலைமை மெக்கானிக்குக்கு ஒரு யோசனை இருக்கும், அதற்கேற்ப வரைபடம் மாறும். அப்படி இன்ஜின் வாங்கினால் உங்கள் பாதையில் உங்கள் வண்டி ஓடும், அவ்வளவுதான். நாடு முழுக்க ஒரே ரயிலாக ஆக வேண்டுமென்றால் உங்கள் பெட்டி அடுத்தவன் பாதையில் போய் ரிப்பேர் ஆனால் அங்கேயே சரிசெய்ய முடிய வேண்டும். அதற்கு வேண்டியது மரை.

ஆமாம், போல்ட்டின் மரையைத்தான் சொல்கிறேன். 1860 வரை அமெரிக்காவில் ஒவ்வொரு பட்டறையும் தன் இஷ்டத்துக்கு மரை வெட்டியது. ஒரு பட்டறையின் நட்டு இன்னொரு பட்டறையின் போல்ட்டில் ஏறாது. இங்கிலாந்தில் விட்வொர்த் 1841 இலேயே 55 டிகிரி மரையைக் கொண்டுவந்துவிட்டார். அதன் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் வளைவு உண்டு. அந்த வளைவைச் சரியாக வெட்டுவது சாதாரணப் பட்டறைக்குக் கஷ்டம்.

பிலடெல்பியாவில் வில்லியம் செல்லர்ஸ் என்று ஒருவர். லேத்து, பிளேனிங் மெஷின், ரயில் இன்ஜினைத் திருப்பும் சுழல்மேடை எல்லாம் செய்து ரயில் பட்டறைகளுக்கு விற்றவர். 1864 ஏப்ரலில் பிராங்க்ளின் இன்ஸ்டிட்யூட்டில் ஒரு கட்டுரை படித்தார். 60 டிகிரிக் கோணம், மேடும் பள்ளமும் தட்டை. விட்வொர்த் மரைக்கு மூன்று வகை வெட்டுக்கருவியும் இரண்டு லேத்தும் வேண்டும், இதற்கு ஒரு கருவியும் ஒரு லேத்தும் போதும் என்று கணக்குக் காட்டினார். 60 டிகிரி என்பது சம பக்க முக்கோணம். கேஜ் (அளவு பார்க்கும் கருவி) செய்வதும் சுலபம், தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பதும் சுலபம்.

1868 இல் அமெரிக்கக் கடற்படை இதை ஏற்றது. 1869 இல் பென்சில்வேனியா ரயில்வே ஏற்றது. அந்த ரயில்வே ஏற்றால் அதற்குச் சாமான் விற்கிற அத்தனை பேரும் ஏற்றாக வேண்டும். அப்புறம் ரயில் கம்பெனிகளின் பெட்டிப் பட்டறைத் தலைவர்கள் சேர்ந்த தலைமைப் பெட்டி கட்டுநர் சங்கமும் ஏற்றது. செல்லர்ஸ் இதைப் பூட்டி வைக்கவில்லை, யார் வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

எங்கள் ஊர்ப் பட்டறைகளில் இன்றைக்கும் பழைய பம்புக்கு பி.எஸ்.டபிள்யூ போல்ட்டு, புதுசுக்கு மெட்ரிக் போல்ட்டு என்று இரண்டு டப்பா இருக்கும். பி.எஸ்.டபிள்யூ என்பது விட்வொர்த்தின் 55 டிகிரி. மெட்ரிக் மரையின் கோணம் 60 டிகிரி, செல்லர்ஸ் வைத்த அதே கோணம். தினமும் நான் வெட்டுவதும் அதுதான். ஆகவே என்னைக் கேட்டால் தலை செல்லர்ஸ்தான்.

பஃபர்_பெரம்பூர்

லேத்து சார் சொல்வதை அப்படியே கப்ளிங்குக்கும் நீட்டலாம்.

அமெரிக்காவில் பெட்டியையும் பெட்டியையும் கோத்தது ஓர் இரும்பு வளையம், அதைப் பூட்ட ஓர் ஆணி. இரண்டு பெட்டிக்கு நடுவே பிரேக்மேன் நிற்க வேண்டும். பெட்டி நகர்ந்து வரும். வளையத்தைக் கையால் தூக்கி எதிர்ப் பெட்டியின் வாய்க்குள் விட்டு, இடிக்கும் கணத்தில் கையை இழுத்துக்கொண்டு ஆணியைப் போட வேண்டும். தவறினால் விரல் போகும், கை போகும், நடுவே நசுங்கினால் ஆளே போய்விடுவார். 1890களின் தொடக்கத்தில் கப்ளிங் போடும்போது மட்டும் ஆண்டுக்குப் பத்தாயிரம் பேருக்கு மேல் காயம்.

எலை ஜானி என்பவர் உள்நாட்டுப் போரில் தெற்கின் படையில் மேஜர். போருக்குப் பின் வர்ஜீனியாவில் அலெக்சாண்ட்ரியா என்ற ஊரில் ஜவுளிக் கடை குமாஸ்தா. ரயில்வேயில் வேலை பார்த்தவரே இல்லை. மரத்தில் செதுக்கிச் செதுக்கிப் பார்த்து ஒரு கப்ளர் கண்டுபிடித்தார். இரண்டு கைவிரல்களையும் மடக்கி ஒன்றோடொன்று மாட்டிப் பாருங்கள், அதுதான் வடிவம். இடித்தால் தானே பூட்டிக்கொள்ளும், கழற்றுவதற்குப் பக்கத்தில் ஒரு கைப்பிடி. 1868 இல் ஒரு காப்புரிமை, 1873 இல் இன்னொன்று. நிலைத்தது இரண்டாவது. பிட்ஸ்பர்க்கில் மெக்கான்வே அண்ட் டார்லி வார்ப்புப் பட்டறை அதைச் செய்து விற்றது.

முக்கியமானது இனிமேல்தான். கப்ளருக்கு ஆயிரக்கணக்கான காப்புரிமைகள் இருந்தன. ஒன்று இன்னொன்றோடு சேராது. 1887 இல் பெட்டி கட்டுநர் சங்கம் ஜானி வகையைப் பொது வடிவமாகத் தேர்ந்தெடுத்தது. அப்போது ஜானி தரப்பு, கப்ளர் முகத்தின் வளைகோட்டின் மீதான காப்புரிமையை மட்டும் விட்டுக்கொடுத்தது. உள்ளே பூட்டு எப்படி இருக்க வேண்டும் என்பது அவரவர் இஷ்டம், முகம் மட்டும் ஒன்றாக இருக்க வேண்டும். அதனால் போட்டிக் கம்பெனிகளும் செய்ய முடிந்தது, எல்லாம் ஒன்றோடொன்று சேரவும் சேர்ந்தது.

நம் சரக்கு வேகன்களிலும் எல்.எச்.பி. என்ற புது வகைப் பயணிப் பெட்டிகளிலும் இருக்கும் சி.பி.சி. கப்ளர் இந்த வம்சம்தான். ஐ.சி.எஃப். என்ற பழைய வகைப் பெட்டியின் ஸ்குரூ (திருகு) கப்ளிங் பிரிட்டிஷ் வழி. இரண்டையும் யார்டில் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஸ்குரூ கப்ளிங்குக்கு இன்றும் ஆள் நடுவே இறங்கித்தான் ஆக வேண்டும்.

வாசகி_மதுரை

படிக்கப் படிக்க ஒரு கேள்வி. ஜானி காப்புரிமை 1873. எல்லா ரயிலிலும் இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது 1893. இடையில் 20 ஆண்டு. அதுவரை கை போன ஆட்களுக்கு யார் பொறுப்பு? நல்ல சாமான் சந்தையில் இருந்தும் வாங்கவில்லை என்றால், சாமான் செய்தவர்களைப் பற்றி மட்டும் பேசுவது பாதிக் கதை இல்லையா?

பஃபர்_பெரம்பூர்

நியாயமான கேள்வி அம்மா. சரக்கு வேகன் மட்டும் அப்போது சுமார் 10 லட்சம். ஒரு கம்பெனி தன் வேகனுக்கு மட்டும் புதுக் கப்ளர் போட்டால் பயன் இல்லை, அடுத்த கம்பெனியின் வேகன் பழைய வளையத்தோடு வந்து நிற்கும். இரண்டும் கலந்து கிடந்த காலத்தில் வேலை இன்னும் ஆபத்து. அதனால் முதலில் யார் செலவு செய்வது என்று எல்லோரும் காத்திருந்தார்கள். ஆள் காயப்பட்டால் கம்பெனிக்கு ஆகும் செலவோ மிகக் குறைவு. வேலையில் உள்ள ஆபத்து தெரிந்துதானே சேர்ந்தாய் என்று கோர்ட்டு தள்ளிவிடும்.

அயோவாவில் லொரென்சோ காஃபின் என்ற விவசாயி பல ஆண்டு இதற்காகவே அலைந்தார். பெட்டி கட்டுநர் சங்கக் கூட்டங்களுக்குப் போய் வாதாடினார், பத்திரிகைகளுக்கு எழுதினார், வாஷிங்டனில் போய் நின்றார். 1889 இல் அதிபர் ஹாரிசன், பிரேக்மேனின் ஆபத்து போர்க்களச் சிப்பாயின் ஆபத்துக்குச் சமம் என்று காங்கிரஸுக்கு எழுதினார். 1893 மார்ச்சில் சட்டம். நடைமுறைக்கு 1898 வரை அவகாசம், அதையும் 1900 வரை நீட்டினார்கள்.

கொதிகலன்

விட்டுக்கொடுத்தவர்கள் கதை இரண்டு வந்துவிட்டது. விட்டுக்கொடுக்காதவர் கதையையும் சொல்ல வேண்டும். ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ்.

பிரேக்கு எப்படிப் போட்டார்கள் என்று முதலில் தெரிய வேண்டும். டிரைவர் விசில் கொடுப்பார். பிரேக்மேன்கள் வேகன்களின் கூரை மேல் ஓடி, ஒவ்வொரு வேகனிலும் இருக்கும் இரும்புச் சக்கரத்தைக் கையால் திருக வேண்டும். மழையில், பனியில், ராத்திரியில், ஓடுகிற வண்டியின் கூரையில்.

வெஸ்டிங்ஹவுஸுக்கு அப்போது 22, 23 வயது. ஆல்ப்ஸ் மலையில் மோன் செனி சுரங்கத்தை அழுத்தக் காற்றால் துளைக்கிறார்கள் என்று ஒரு பத்திரிகையில் படித்தார். அவ்வளவு தூரம் குழாயில் காற்றைக் கொண்டுபோக முடியும் என்றால் வண்டி நீளத்துக்குக் கொண்டுபோக முடியாதா என்று யோசித்தார். 1869 இல் காப்புரிமை, அதே ஆண்டு பிட்ஸ்பர்க்கில் கம்பெனி.

முதல் வடிவத்தில் ஒரு பெரிய குறை. இன்ஜினிலிருந்து காற்றை அனுப்பினால் பிரேக் பிடிக்கும். ஹோஸ் பைப் அறுந்தால்? பிரேக்கே கிடையாது, அதுவும் வண்டி இரண்டாகப் பிரிந்து ஓடும் நேரத்தில். சில ஆண்டிலேயே அதைத் தலைகீழாக மாற்றினார். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு காற்றுத் தொட்டி, ஒரு டிரிபிள் வால்வு. பைப்பில் அழுத்தம் இருக்கும்வரை பிரேக் விட்டிருக்கும், அழுத்தம் குறைந்தால் தொட்டிக் காற்று பாய்ந்து பிரேக் பிடிக்கும். அதாவது பைப் அறுந்தாலே வண்டி நிற்கும். தோற்றால் பத்திரமான பக்கம் தோற்க வேண்டும் என்ற அந்த யோசனையை நான் எப்போது நினைத்தாலும் வியப்பேன்.

பயணி வண்டியில் இது நன்றாக வேலை செய்தது. நீளமான சரக்கு வண்டியில்தான் சிக்கல். 1886, 1887 ஆண்டுகளில் அயோவாவில் பர்லிங்டன் நகரத்துக்கு அருகே பெட்டி கட்டுநர் சங்கம் சோதனை வைத்தது. 50 வேகன் கோத்த வண்டி. அவசர பிரேக் போட்டால் முன் வேகன்கள் உடனே நிற்கின்றன, அழுத்தம் குறைவது கடைசி வேகனுக்குப் போய்ச் சேரப் பல விநாடி ஆகிறது. அதற்குள் பின் வேகன்கள் முன் வேகன்களின் மேல் மோதுகின்றன. உள்ளே இருந்த ஆட்கள் தூக்கி எறியப்பட்டார்கள். இரண்டாம் சோதனையும் முடிந்தபோது, காற்று மட்டும் போதாது, மின்சாரம் சேர்த்தால்தான் முடியும் என்று பலரும் முடிவு கட்டிவிட்டார்கள். வெஸ்டிங்ஹவுஸ் சில மாதங்களில் வால்வை மாற்றினார். ஒவ்வொரு வேகனின் வால்வும் தன் அருகே உள்ள பைப்புக் காற்றைத் தானே வெளியே விடும்படி செய்தார். அதனால் அழுத்தக் குறைவு வண்டி நீளத்துக்குப் பாய்ந்து ஓடியது. அந்த ஆண்டே 50 வேகன் வண்டியை ஊர் ஊராகக் கொண்டுபோய் எல்லோர் கண்முன்னும் நிறுத்திக் காட்டினார்.

ஆனால் செல்லர்ஸ் மாதிரி, ஜானி தரப்பு மாதிரி இவர் எதையும் விட்டுத் தரவில்லை. காப்புரிமையை விடாப்பிடியாகக் காத்தார், மீறியவர்கள் மேல் வழக்குப் போட்டார்.

லேத்து_கோவை

அப்படியானால் வெஸ்டிங்ஹவுஸ் பொது அளவுக்கு எதிரி என்றுதானே ஆகிறது?

கொதிகலன்

இல்லை அண்ணே, அங்கேதான் விஷயம். அவர் உதிரியாக விற்க மறுத்தார். பம்பு என்னிடம், வால்வு வேறொருவரிடம் என்பதெல்லாம் கிடையாது. முழு செட்டாக, தன் பட்டறையிலிருந்து, எல்லாம் ஒரே மாதிரி. எந்தக் கம்பெனிப் பெட்டியும் எந்தக் கம்பெனி இன்ஜினோடும் சேர வேண்டும் என்று முதல் நாளிலிருந்தே பிடிவாதமாக இருந்தார். பொது அளவு கிடைத்தது. கிடைத்த வழிதான் வேறு.

போட்டி இல்லாமல் இல்லை. நியூயார்க் மாநிலத்தில் வாட்டர்டவுனில் ஈம்ஸ் வேக்கம் பிரேக் கம்பெனி இருந்தது. பின்னால் அது நியூயார்க் ஏர் பிரேக் கம்பெனி ஆயிற்று. வேக்கம், அதாவது வெற்றிடத்தால் இயங்கும் பிரேக் என்றால் நம்மவர்களுக்குப் பழக்கம்தான். நம் ரயில்களில் 20ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதிவரை அதுதானே ஓடியது.

பழைய_ரசீது

எல்லோரும் கண்டுபிடித்ததைப் பேசுகிறீர்கள். விற்றதையும் கொஞ்சம் பேசலாம்.

ரயில் சாமான் விற்பனை பிரதிநிதி என்றால் அமெரிக்காவில் ஜிம் பிரேடி பெயர்தான் முதலில் வரும். 'டயமண்ட் ஜிம்' என்று கூப்பிடுவார்கள். 1856 இல் நியூயார்க்கில் பிறந்தவர். நியூயார்க் சென்ட்ரல் ரயில்வேயில் மூட்டை தூக்கி, குமாஸ்தாவாகி, பட்டறைக்கு எந்தச் சாமான் எப்போது தேவைப்படும், எது அடிக்கடி உடையும், யார் கையெழுத்துப் போட்டால் ஆர்டர் ஆகும் என்றெல்லாம் உள்ளே இருந்தே கற்றவர். 1879 இல் மேனிங், மேக்ஸ்வெல் அண்ட் மோர் என்ற சாமான் கம்பெனியில் விற்பனையாளராகச் சேர்ந்தார். பிறகு இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்து சாம்சன் ஃபாக்ஸ், எஃகுத் தகட்டை அழுத்திச் செய்யும் போகியை (பெட்டிக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டம்) கொண்டுவந்தபோது அதன் அமெரிக்க விற்பனையைக் கையில் எடுத்தார். மரமும் வார்ப்பிரும்பும் கலந்த போகியைப் பயன்படுத்திக்கொண்டிருந்தவர்களிடம் முழு எஃகு போகியை விற்பது அன்று லேசான காரியம் இல்லை. கமிஷனிலேயே பெரும் பணக்காரர் ஆனார்.

அடுத்தது பணம். ரயில் கம்பெனிகள் எப்போதும் கையில் காசில்லாதவை. ஆனால் பாதை போட்டாயிற்று, பெட்டி வேண்டும். அதற்கு வந்த வழிதான் பிலடெல்பியா முறை. ஒரு டிரஸ்டு பெட்டிகளை வாங்கும். ரயில் கம்பெனி அந்த டிரஸ்டுக்கு வாடகை மாதிரி தவணை கட்டும். கடைசித் தவணை கட்டும்வரை பெட்டி டிரஸ்டின் சொத்து. பெட்டியின் பக்கவாட்டில் அதைச் சொல்லும் ஒரு தகடே அடித்திருப்பார்கள். 1893 நெருக்கடியில் நாட்டின் பாதையில் கால் பங்குக்கு மேல் திவால் நிர்வாகத்துக்குப் போயிற்று. அப்போதும் பெட்டித் தவணையை மட்டும் கட்டினார்கள். பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டால் ஓட்ட எதுவும் இல்லையே. கடன் பத்திரம் வைத்திருந்தவர்கள் தவித்தபோது பெட்டிக்குப் பணம் போட்டவர்கள் நிம்மதியாக இருந்தார்கள் என்பதைப் பார்த்தால் இந்த ஏற்பாட்டின் பலம் புரியும்.

வாசகி_மதுரை

நான் ஒருவரைச் சேர்க்கிறேன். இலைஜா மெக்காய். அடிமைத்தனத்திலிருந்து தப்பிக் கனடாவுக்குப் போன பெற்றோருக்கு 1844 இல் பிறந்தவர். ஸ்காட்லாந்தில் எடின்பரோவில் போய் இயந்திரப் பொறியியல் படித்துவிட்டு வந்தார். மிச்சிகனில் அவருக்குக் கிடைத்த வேலை, இன்ஜினில் கரி அள்ளிப் போடுவதும் எண்ணெய் விடுவதும். கறுப்பினத்தவர் என்பதால் அதற்கு மேல் கொடுக்கவில்லை.

எண்ணெய் விடுவதற்காக இன்ஜினை அடிக்கடி நிறுத்த வேண்டியிருந்தது. அந்த வேலையைச் செய்துகொண்டே, நீராவி அழுத்தத்தாலேயே எண்ணெய் தானாக உள்ளே போகும் கிண்ணத்தை வடிவமைத்து 1872 இல் காப்புரிமை எடுத்தார். அதற்குப் பிறகும் பல காப்புரிமைகள். தன் பெயரில் பட்டறை போடப் பணம் இல்லை. உரிமைகளை மற்றவர்களுக்கு விற்றுத்தான் வாழ்ந்தார். சொந்தப் பெயரில் கம்பெனி தொடங்கியது 1920 இல், 76 வயதில். செல்லர்ஸால் மரையை இலவசமாக விட முடிந்தது, ஏனென்றால் அவரிடம் பட்டறை இருந்தது. மெக்காய்க்கு அந்த வசதி இல்லை. யார் விட்டுக்கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்று எடை போடும்போது இதையும் வைத்துப் பார்க்க வேண்டும்.

புல்மன் பற்றி யாரும் பேசவில்லையே. படுக்கை வசதி உள்ள பெட்டி செய்தவர், சிகாகோவுக்குத் தெற்கே 1880 இல் தொழிலாளிகளுக்கென்று ஓர் ஊரே கட்டியவர். 1893 நெருக்கடியில் ஆர்டர் குறைந்ததும் கூலியைக் குறைத்தார், வீட்டு வாடகையைக் குறைக்கவில்லை. கூலி கொடுப்பவரும் அவர், வாடகை வாங்குபவரும் அவர். 1894 மே மாதம் வேலைநிறுத்தம் தொடங்கி, ஜூன் முடிவில் நாட்டின் பல பகுதிகளில் ரயில்கள் நின்று, பிறகு ராணுவம் இறங்கியது. அந்தப் பளபளப்பான பெட்டிகளைச் செய்தவர்கள் வீட்டில் அந்தக் குளிர்காலம் எப்படிப் போயிருக்கும் என்று நினைத்தால் எனக்கு அந்தப் படங்களை ரசிக்க முடியவில்லை.

நீலகிரிப்_புகை

இந்த அமெரிக்கச் சாமானெல்லாம் அந்தக் காலத்தில் நம் பக்கம் வந்ததா?

இருப்புப்பாதை

19ஆம் நூற்றாண்டில் நமக்கு வந்தது பெரும்பாலும் பிரிட்டிஷ் சாமான்தான். 1856 இல் ராயபுரத்திலிருந்து ஆற்காடு பக்கம் ரயில் ஓடத் தொடங்கியபோது மதராஸ் ரயில்வே லண்டனில் பதிவான கம்பெனி, ஆர்டர் போவதும் அங்கிருந்துதான். உங்கள் மலை ரயிலுக்கும் முதலில் மான்செஸ்டர் பேயர் பீக்காக் இன்ஜின், பிறகு சுவிட்சர்லாந்து வின்டர்தூர் இன்ஜின். பால்ட்வின் பெயர் நமக்கு நன்றாகப் பழகியது 1947 இல் அகலப் பாதைப் பயணி வண்டிகளுக்கான முதல் டபிள்யூ.பி. வகை நீராவி இன்ஜின்கள் வந்தபோது.

நீலகிரிப்_புகை

நன்றி சார்.

பழைய_ரசீது

தண்டவாளத்தை யாரும் தொடவில்லை, சுருக்கமாக நான் சொல்கிறேன். ஆரம்பத்தில் அமெரிக்கத் தண்டவாளம் இங்கிலாந்திலிருந்தும் வேல்ஸிலிருந்தும் கப்பலில் வந்தது. 1830 இல் ராபர்ட் ஸ்டீவன்ஸ் தட்டை அடி கொண்ட தண்டவாள வடிவத்தை யோசித்தார், அதையும் உருட்டிக் கொடுத்தது வேல்ஸ் ஆலைதான். எஃகுத் தண்டவாளம் அமெரிக்காவிலேயே முதலில் உருட்டப்பட்டது 1865 இல் சிகாகோவில். பத்தாண்டு கழித்து கார்னெகி பிட்ஸ்பர்க் அருகே புது ஆலை கட்டியபோது அதற்கு வைத்த பெயர் எட்கர் தாம்சன். யார் அவர்? பென்சில்வேனியா ரயில்வேயின் தலைவர், அதாவது தன் மிகப் பெரிய வாடிக்கையாளர். முதல் ஆர்டரும் அந்த ரயில்வேயிலிருந்தே வந்தது. 1860களின் கடைசியில் எஃகுத் தண்டவாளம் டன்னுக்கு 150 டாலருக்கு மேல். 1890களின் கடைசியில் 20 டாலருக்கும் கீழே.

இன்னொன்று, ஆச்சரியமாக இருக்கும்: காகிதச் சக்கரம். வைக்கோல் அட்டைகளை ஒட்டி, அழுத்தி, இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவே வைத்துப் போல்ட்டு போட்டு, சுற்றி எஃகு டயர் மாட்டுவார்கள். ரிச்சர்ட் ஆலன் என்பவர் கொண்டுவந்தது. சத்தமும் அதிர்வும் குறையும் என்று புல்மன் பெட்டிகளில் நிறையப் போட்டார்கள்.

இருப்புப்பாதை

லேத்து சார், உங்கள் வாதத்துக்கு என்னிடம் ஒரு சாட்சி இருக்கிறது. பால்டிமோரில் ராஸ் வைனன்ஸ் என்று பெரிய இன்ஜின் தயாரிப்பாளர். கொதிகலன் மேலேயே டிரைவர் கூண்டு வைத்த 'கேமல்' இன்ஜின்களுக்குப் பேர் போனவர். பால்டிமோர் ஒஹையோ ரயில்வேக்கு நிறையக் கொடுத்தார். 1850களின் கடைசியில் அந்த ரயில்வேயின் தலைமை மெக்கானிக் ஹென்றி டைசன் வேறு வகை இன்ஜின் கேட்டார். வைனன்ஸ் தன் வடிவத்தை மாற்ற மறுத்தார். இருவரும் அறிக்கைமேல் அறிக்கை விட்டுச் சண்டை போட்டார்கள். ஆர்டர் நின்றது, கடைசியில் பட்டறையையே மூடினார். எட்டுச் சக்கரப் பெட்டி தன் கண்டுபிடிப்பு என்று அவர் ரயில் கம்பெனிகள்மேல் போட்ட வழக்கும் பல ஆண்டு நடந்து, 1850களின் இறுதியில் தோற்றது.

1901 இல் ஸ்கெனெக்டடி, புரூக்ஸ், டிக்சன், குக், ரிச்மண்ட் என்று எட்டு இன்ஜின் பட்டறைகள் அமெரிக்கன் லோகோமோட்டிவ் கம்பெனி என்று ஒன்றாக இணைந்தன. தனித்தனியாக பால்ட்வினுக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. இன்ஜின்காரர்கள்தான் தலை என்று தொடங்கினேன், பால்ட்வினைப் பொறுத்தவரை இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். மற்றவர்களுக்கு அது பொருந்துவது கஷ்டம்தான்.

பஃபர்_பெரம்பூர்

வாசகி அம்மா பொறுப்பு யாருக்கு என்று கேட்டதற்கு ஒரு பகுதி பாக்கி இருக்கிறது. 1900 ஆகஸ்ட், யூட்டாவில் பிராமன்டரி. 1869 இல் கிழக்கும் மேற்கும் பாதையால் இணைந்த அதே இடம். ஜான்சன் என்ற பிரேக்மேன் ஒரு சரக்கு இன்ஜினை உணவுப் பெட்டியோடு கோக்க வேண்டும். இன்ஜினில் ஜானி கப்ளர். பெட்டியில் மில்லர் கொக்கி. இரண்டும் தானாகப் பூட்டும் வகைதான், சட்டம் கேட்டதும் அதைத்தான். ஆனால் ஜானியோடு ஜானிதான் சேரும், மில்லரோடு மில்லர்தான் சேரும். ஆகவே பழையபடி வளையத்தையும் ஆணியையும் எடுத்துக்கொண்டு நடுவே இறங்கினார். கை நசுங்கி, மணிக்கட்டுக்கு மேலே வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று.

ஒவ்வொன்றிலும் ஒரு தானியங்கிக் கப்ளர் இருந்ததே, சட்டம் நிறைவேறியது என்று கீழ்க் கோர்ட்டுகள் கம்பெனி பக்கம் தீர்ப்புச் சொல்லிவிட்டன. 1904 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. இன்ஜினும் இந்தச் சட்டத்துக்கு உட்பட்ட வண்டிதான், ஆள் நடுவே இறங்காமல் ஒன்று இன்னொன்றோடு தானாகச் சேர வேண்டும், தனித்தனியாக நல்ல கப்ளர் இருந்தால் போதாது என்று தீர்ப்பு. அதற்குப் பிறகு, பெட்டி கட்டுநர் சங்கம் 1887 இல் தேர்ந்தெடுத்த அந்த வளைகோட்டோடு சேராத கப்ளரை வைத்துக்கொண்டு வண்டி ஓட்ட எந்தக் கம்பெனிக்கும் வழியில்லாமல் போயிற்று.